எதிரிக் கப்பல்காரர்களுக்காக ஏன் அழுதேன்? 'தாஸ் போட்' பார்த்தவர்கள் கொஞ்சம் வாருங்கள்

ஞாயிறுமதியம்:

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு 'தாஸ் போட்' போட்டேன். 1981-ல் வந்த ஜெர்மன் படம், வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கியது. நான் பார்த்தது அவரே திரும்பத் தொகுத்து 1997-ல் வெளியிட்ட மூன்றரை மணி நேர வடிவம். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியும்போது மணி ஒன்றே கால். பெயர்கள் ஓடி முடிந்து, திரை கறுத்து, லேப்டாப்பே தூங்கிப்போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. முகம் ஈரமாக இருந்தது.

கீழே கதை முழுக்க வரும். பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

என் குழப்பம் இதுதான். கதை நடப்பது 1941-ல். அந்த நீர்மூழ்கி ஹிட்லரின் கடற்படையைச் சேர்ந்தது. பிரிட்டனுக்குச் சாமான் ஏற்றிப்போகும் கப்பல்களை அட்லாண்டிக்கில் மூழ்கடிப்பதுதான் அதன் வேலை. அவர்கள் தோற்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்துப் பாடத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் ஜிப்ரால்டர் பக்கம் அடிவாங்கி, கட்டுப்பாடு இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருந்து, 280 மீட்டர் ஆழத்தில் கடலடியில் ஒரு மேட்டில் போய் உட்காருகிறதே, அப்போது "மேலே வா, மேலே வா" என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்காக? மேலே வந்தால் இன்னும் நாலு கப்பலை அடிக்கப் போகிறவர்களுக்காக.

அப்புறம் கடைசிக் காட்சி. அத்தனையும் தப்பித்து லா ரோஷல் துறைமுகத்துக்கு வந்து, வரவேற்பு வாத்தியம் வாசிக்கிற நேரத்தில் விமானத் தாக்குதல். கேப்டன் தன் கப்பல் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டே சாகிறார். எனக்கு நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. சண்டை என்று பார்த்தால் படத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது. எதிரியின் முகத்தைக் கிட்டத்தட்டக் காட்டவே இல்லை. பாதி நேரம் தாடிக்காரர்கள் அண்ணாந்து இரும்புக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு ஏன் எனக்கு வயிற்றைப் பிசைந்தது?

அம்மா இந்த மாதிரிப் படமெல்லாம் பார்க்க மாட்டார். எண்ணெய்க் கப்பல் எரிகிற காட்சி வந்தபோது தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், சமையலறை வாசலிலேயே நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார். காலையிலும் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஏனோ அதுவும் மனதில் நிற்கிறது.

உங்களுக்கும் இப்படி ஆனதா? இல்லை, நான்தான் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேனா?

ரீல்பெட்டி:

கூடுதல் எல்லாம் இல்லை. எனக்கு இது நாலாவது முறைக்குப் பிறகுதான் கொஞ்சம் பழகியது.

பாதிப் புகழ் ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோவுக்குப் போக வேண்டும். மியூனிக் பவேரியா ஸ்டுடியோவில் நீர்மூழ்கியின் உட்புறத்தை அசல் அளவிலேயே ஒரு குழாயாகக் கட்டினார்கள். அதை ஆட்டவும் சாய்க்கவும் அடியில் ஹைட்ராலிக் ஏற்பாடு. வக்கானோ கைரோஸ்கோப் (ஆட்டத்தைச் சமன்செய்யும் கருவி) பொருத்திய சின்னக் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, உடம்பில் திண்டு மாதிரிக் கட்டிக்கொண்டு, அந்தக் குழாய்க்குள் ஆட்களோடு ஆளாக ஓடினார். அவசரமாக மூழ்குவதற்கு மணி அடித்ததும் மூக்குப் பக்கம் எடை கூட வேண்டும் என்று கையில் வேலை இல்லாதவர்கள் எல்லாரும் முன்னால் ஓடுகிறார்களே, வட்டக் கதவுகளைத் தாண்டித் தாண்டி, அந்த ஓட்டத்தில் நமக்கே முழங்கால் இடிபடுகிற மாதிரி இருக்கும். மனிதர்களே அங்கே எடைக்கல்.

கதை நடக்கிற வரிசையிலேயே பெரும்பாலும் படம்பிடித்தார்கள். அதனால் தாடி ஒட்டுத்தாடி இல்லை, வளர்ந்த தாடி. நடிகர்களை வெயிலில் விடாமல் வைத்திருந்ததால் முகமும் நிஜமாகவே வெளுத்துப்போனது. ஆறு ஆஸ்கர் பரிந்துரை வந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. அது கிடக்கட்டும்.

தியேட்டரில் வந்தது 149 நிமிடம். தொலைக்காட்சித் தொடராக வந்தது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். முடிந்தால் அதைப் பாருங்கள். அதில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் சலிப்புதான். புயல், பூஞ்சைபிடித்த ரொட்டி, அழுக்கு ஜோக், ஒரு கப்பலும் கண்ணில் படாத வாரங்கள். அந்தச் சலிப்பை அவர்களோடு சேர்ந்து அனுபவித்தால்தான் பிறகு வருகிற பயம் நம் பயமாகும்.

பழைய செகண்ட்:

தம்பி, ரீல்பெட்டி சொன்னதெல்லாம் சரி. ஆனால் நீங்கள் கேட்ட "அண்ணாந்து பார்க்கிற" விஷயத்துக்குப் பதில் கேமராவில் இல்லை என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. 22 வருஷம் சரக்குக் கப்பல்களில் என்ஜின் ரூம். செகண்ட் இன்ஜினியராக இருக்கும்போது வேலையை விட்டேன். நீர்மூழ்கிக்குள் போனது வாழ்க்கையில் ஒரே முறை, விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிற குர்சுராவில், அதுவும் டிக்கெட் வாங்கிக்கொண்டு. குனிந்து குனிந்து போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆகவே நீர்மூழ்கி பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. என்ஜின் ரூம் பற்றிப் பேசலாம்.

கப்பலேறிய முதல் வாரம் அந்த இரைச்சலில் தூங்கவே முடியாது. ஒரு மாதம் போனால் அது கேட்காது. நின்றுபோனதாக அர்த்தமில்லை, காது அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அப்புறம் அதில் ஒரு இழை மாறினாலும், மூன்று தளம் மேலே கேபினில் குறட்டை விடுகிற சீஃப் இன்ஜினியர் எழுந்து, பாய்லர் சூட்டை மாட்டிக்கொண்டு, நாம் போன் பண்ணுவதற்கு முன்னால் கீழே வந்து நிற்பார். பெரிய ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குக் கொடுத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் ஆட்களிடம்தான் நான் தொழில் கற்றேன். எங்களுக்குச் சத்தம் இருக்கும்வரை எல்லாம் சரி. அது நின்றால்தான் பயம்.

இப்போது படத்துக்கு வாருங்கள். அந்தக் காலத்து நீர்மூழ்கியில் டீசல் என்ஜினை மேலே மிதக்கும்போது மட்டும்தான் ஓட்ட முடியும், அதற்குக் காற்று வேண்டும். மூழ்கினால் டீசலை நிறுத்திவிட்டு பேட்டரியில் மோட்டார். எதிரி மேலே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றால் அதையும் கிசுகிசுவென்று ஓட்ட வேண்டும். படத்தில் முதல் ஒரு மணி நேரம் பீட்டர்சன் நம் காதில் டீசலைப் போட்டுக்கொண்டே இருக்கிறார். நமக்கும் அது கேட்காமல் போகிற அளவுக்குப் போடுகிறார். பிறகு மணி அடிக்கிறது, டீசல் நிற்கிறது. பேச்சு நிற்கிறது. சொட்டுச் சொட்டாக எங்கோ தண்ணீர். எதிரிக் கப்பல் நம்மைத் தேடி அனுப்புகிற ஒலி, சோனார், வந்து கப்பலின் உடம்பில் தட்டுகிற ஓசை. அந்த இடத்தில் என் தோள் தானாக இறுகியது. என் மனைவி "என்னாச்சு?" என்று கேட்டாள்.

என்னாச்சு என்பதை அவளிடம் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம். பிஸ்கே விரிகுடா. இந்தப் படத்தில் அவர்கள் புறப்பட்டுப் போகிற அதே கடல்தான், நான் அப்போது ஃபோர்த் இன்ஜினியர். கப்பல் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். மூன்று நாளாக மோசமான உருட்டு. அப்படி உருளும்போது எண்ணெய்த் தொட்டிகளின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்து கிடக்கிற கசடு கலங்கி மேலே வரும், ஃபில்டரை அடைக்கும். அன்றைக்கு ராத்திரி இரண்டரை மணிக்கு ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் அப்படித்தான் மூச்சுத்திணறி நின்றது. ஸ்டாண்ட்பையில் இருந்ததும் எடுத்தது, இருமியது, நின்றது. விளக்கு போச்சு. பம்ப் எல்லாம் போச்சு. மெயின் என்ஜினும் நின்றது. பிளாக்அவுட்.

மெயின் பவர் போனால் எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் தானாக வர வேண்டும் என்பது விதி. 45 விநாடியை நான் மனசுக்குள் எண்ணினேன். அது வரவில்லை. அதன் ஸ்டார்ட்டர் பேட்டரியை யாரோ ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஓடாத கப்பல் அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடும். உருட்டு இரண்டு மடங்கு. அந்த இருட்டில் எனக்கு முதல்முறையாக அந்த என்ஜின் ரூமின் மற்ற ஓசைகள் கேட்டன. பில்ஜில், அதாவது கப்பலின் அடியில் கழிவுநீர் தேங்கும் பள்ளத்தில், தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது. கழன்ற ஸ்பேனர் ஒன்று தரைத்தகட்டில் உருண்டு போய் முட்டுகிறது, திரும்பி வருகிறது, முட்டுகிறது. கப்பலின் தகடுகள் முனகுகின்றன. எனக்குப் பக்கத்தில் நின்ற ஆயிலர், என்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவர், டார்ச்சைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, இருட்டு. ஆனால் மேலே டெக்கில்தான் எமர்ஜென்சி ஜெனரேட்டர் இருக்கிறது. அது எடுக்கிற சத்தம் வருமா என்று காதைக் கொடுக்கிறபோது கண்ணும் கூடவே போய்விடுகிறது.

படத்தில் அவர்கள் செய்வதும் அதுதான் தம்பி. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். கேட்கிறார்கள். ஹெட்போன் மாட்டியவன் கிசுகிசுத்துச் சொல்வதை எல்லாரும் கேட்கிறார்கள், அப்புறம் ஹெட்போனே தேவைப்படாமல் எதிரியின் புரொப்பல்லர் சத்தம் தலைக்கு மேலே நேராகக் கேட்கிறது, அப்புறம் குண்டு தண்ணீரில் விழுந்து இறங்குகிற அந்த இடைவெளி. எதிரியின் முகம் காட்டியிருந்தால் நீங்கள் அவனைப் பார்த்துக் கோபப்பட்டிருப்பீர்கள், பயம் பாதியாகக் குறைந்திருக்கும். நீங்களும் அவர்களோடு சேர்ந்து ஒரு ஓசைக்குக் காது கொடுத்தீர்கள். காது கொடுத்த பிறகு இவன் எந்த நாட்டுக்காரன், எந்தக் கட்சிக்காரன் என்று எங்கே யோசிக்க?

(எங்களுக்கு இருபது நிமிடத்தில் பவர் வந்தது. அவ்வளவுதான் கதை. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை.)

அந்த ஆழத்தைப் பற்றி ஒன்று. 280 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 28 கிலோ அழுத்தம். படிக்கிறவர்களுக்கு அது ஒரு எண்தான். கப்பலில் மெயின் என்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிற காற்று பாட்டிலை நாங்கள் 30 பாரில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ அழுத்தத்தில், வைத்திருப்போம். அதன் வால்வுக்கு நேராக முகத்தை வைத்து நிற்காதே என்பது ஜூனியருக்குச் சொல்லித்தருகிற முதல் பாடங்களில் ஒன்று. கிட்டத்தட்ட அதே அழுத்தம் வெளியிலிருந்து அந்தக் குழாய் முழுவதையும் நசுக்கிக்கொண்டிருக்கிறது. போல்ட் தோட்டா மாதிரிப் பறக்கிற இடத்தில் நான் நிஜமாகவே தலையைக் குனிந்தேன்.

எர்வின் லேடர் நடித்த யோஹான் என்கிற என்ஜின்காரனையும் விட முடியாது. பேய் என்று பட்டப்பேர். என்ஜினை விட்டு அகலாதவன். குண்டுமழையில் புத்தி கலங்கித் தன் இடத்தை விட்டுக் கண்ட்ரோல் ரூமுக்கு வந்துவிடுகிறான். கேப்டன் துப்பாக்கி எடுக்கப் போகிறார். நிறையப் பேர் அதைப் பைத்தியம் பிடித்த காட்சி என்பார்கள். என் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. என்ஜின் ஓடும்போது அவனுக்குக் கையில் வேலை இருக்கிறது. நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போது அவன் என்ன செய்வான்? பயத்தைத் தாங்குவதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி ஸ்பேனரைக் கையில் எடுப்பது. பிறகு கடலடியில் கிடக்கும்போது, தண்ணீருக்குள் முங்கி முங்கி ஓட்டையை அடைக்கிறவனும் அதே யோஹான்தான் என்பதைக் கவனித்தீர்களா?

நான் கலங்கியது உங்கள் இடத்தில் இல்லை. கடலடியில் கேப்டனுக்கு வேலையே இல்லை, உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். காற்று கெட்டுக்கொண்டு வருகிறது, ஆட்கள் வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு படுத்திருக்கிறார்கள். கேப்டன் நம்பிக்கையை விட்டுவிட்டார். அப்போது சீஃப் இன்ஜினியர் உடம்பெல்லாம் எண்ணெயும் தண்ணீருமாக வந்து நின்று, இது முடிந்தது, அது முடிந்தது என்று வேலைக் கணக்கு ஒப்பிக்கிறார். வசனமே கிடையாது, வேலைப் பட்டியல். வாட்ச், அதாவது நம் காவல்முறை வேலை, முடிந்து கையெழுத்துப் போடுகிற மாதிரி. எனக்கு அங்கே உடைந்தது.

இனிமேல் சொல்வது எனக்கே சங்கடமான பகுதி. நான் யார்? சரக்குக் கப்பல்காரன். அந்த நீர்மூழ்கி வேட்டையாடியது என் ஜாதியை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் செத்தவர்கள் 30,000-க்கும் மேல். அந்தக் கப்பல்களில் இந்திய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், லஸ்கர் என்று அவர்களுக்குப் பேர். சில்ஹெட் பக்கத்து ஆட்கள் கீழே நிலக்கரி தள்ளினார்கள், கோவாக்காரர்கள் சமையல், பரிமாறல். டார்ப்பிடோ அந்த என்ஜின் ரூமில் வந்து இடித்தால் தண்ணீர் உள்ளே பாயும், எழுந்து ஓட அங்கே நேரமும் இருக்காது. அப்படியிருக்க, நான் இரண்டு மணி நேரம் வேட்டைக்காரனோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

பீட்டர்சனுக்கு அது தெரியும். அதனால்தான் அந்த எண்ணெய்க் கப்பலை நடுவில் வைத்திருக்கிறார். குண்டுமழைக்குத் தப்பி ராத்திரி மேலே வருகிறார்கள். அடித்த கப்பல் இன்னும் எரிந்துகொண்டு மிதக்கிறது. ஆட்களை எல்லாம் எப்போதோ மீட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கேப்டன் இன்னொரு டார்ப்பிடோ விடுகிறார். அப்புறம்தான் டெக்கில் ஆட்கள் ஓடுவது தெரிகிறது. தீயோடு கடலில் குதிக்கிறார்கள், நீந்தி இவர்களை நோக்கி வருகிறார்கள். கேப்டன் என்ஜினைப் பின்னால் ஓட்டச் சொல்கிறார்.

அந்த ரிவர்ஸ் ஆர்டரை யாரோ ஒரு என்ஜின்காரன்தான் கீழே நின்று நிறைவேற்றியிருப்பான். மேலே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே நானும் எத்தனையோ ஆர்டரை நிறைவேற்றியிருக்கிறேன்.

கரிசல்காடு:

எல்லாரும் உருகிக்கொண்டிருக்கும் இடத்தில் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இந்தப் படத்தில் நாஜி எத்தனை பேர்? முதல் துணை அதிகாரி ஒருவர். மெக்சிகோவில் வளர்ந்தவர், கப்பலில் எல்லாரும் கந்தலோடு இருக்கும்போது இவர் மட்டும் பொத்தான் போட்ட சட்டை. அவரையும் கேலிப்பொருளாக ஆக்கியாயிற்று. மற்றவர்கள் எல்லாரும் தலைமையைக் கிண்டல் பண்ணுகிறவர்கள், பிரிட்டிஷ் பாட்டு வைத்துப் பாடுகிறவர்கள், காதலிக்குக் கடிதம் எழுதுகிறவர்கள். ஐம்பது பேர் கொண்ட ஒரு கப்பலில், 1941-ல், ஜெர்மனி ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில், இது நம்பும்படி இருக்கிறதா?

மூலக்கதையை எழுதிய புக்ஹைம் அந்தப் போரில் யு-96 நீர்மூழ்கியில் செய்தியாளராகப் போனவர். படத்தில் அவருக்குத் திருப்தி இல்லை. நடிப்பு மிகை என்றும், தன் புத்தகத்தின் போர் எதிர்ப்பு நீர்த்துவிட்டது என்றும் கடுமையாகத் திட்டினார். நேரில் பார்த்த மனிதர் சொல்வதற்கு ஒரு எடை இல்லையா?

யாரைக் குழாய்க்குள் அடைத்துத் தண்ணீர் விட்டாலும் நமக்குப் பரிதாபம் வரும். அது மனித சுபாவம். அந்தப் பரிதாபத்தை வைத்து அவர்கள் எதற்காக அங்கே போனார்கள் என்பதை மறக்கடிப்பது எனக்கு உறுத்துகிறது. செகண்ட் சார் எழுதிய லஸ்கர் விஷயத்தில் ஒரு வரிகூடப் படத்தில் இல்லை.

மற்றபடி படம் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. நானும் அந்த 280 மீட்டரில் நகம் கடித்தவன்தான்.

ரீல்பெட்டி:

கரிசல் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிக்கு ஒரு சம்பவம். நீர்மூழ்கிகளில் போன 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற வரியோடு படம் தொடங்குகிறது அல்லவா? லாஸ் ஏஞ்சல்ஸில் முதலில் திரையிட்டபோது அந்த வரி வந்ததும் அரங்கம் கைதட்டியதாம். செத்தார்கள் என்பதற்குக் கைதட்டல். தொலைந்தோம் என்று நினைத்ததாகப் பீட்டர்சன் சொல்லியிருக்கிறார். படம் முடிந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஞாயிறுமதியம் கேட்ட கேள்வியை அந்த அரங்கமும் தன்னைக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

புக்ஹைம் பற்றி: அவர் திட்டினார், சரி. ஆனால் அதே யு-96-ஐ ஓட்டிய நிஜக் கேப்டன் லேமான்-வில்லன்ப்ராக் இந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தார். நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேச்சு.

ஞாயிறுமதியம்:

எல்லாருக்கும் நன்றி. பழைய செகண்ட் சார், முதலில் ஒன்று: நான் தம்பி இல்லை. பெண்.

உங்கள் பதிலைப் படித்துவிட்டு எண்ணெய்க் கப்பல் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன், சத்தத்தைக் கூட்டி வைத்து. முதல் தடவை நான் கேப்டனின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன், யூர்கன் புரோக்னோவின் அந்த நீலக் கண்ணை. இப்போது தண்ணீரிலிருந்து வருகிற கூப்பாடு கேட்டது. அதுவரை அண்ணாந்து எந்த ஓசைக்காகக் காத்திருந்தோமோ அதற்குக் காது கொடுத்தேன், இதற்குக் கொடுக்கவில்லை. கரிசல், நீங்கள் சொன்ன உறுத்தல் எனக்கு இப்போதுதான் வந்தது. ஆனால் அதைப் படம் மறைத்ததாகத் தோன்றவில்லை. அங்கேதான் இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன்.

அம்மா ஏன் வாசலில் நின்றார் என்றும் இப்போது தெரியும். நான் முதலில் எழுதாமல் விட்ட ஒரு தகவல் இருக்கிறது. என் தம்பி போன ஜூன் மாதம் கப்பலேறினான். என்ஜின் கேடட், அதாவது பயிற்சி இன்ஜினியர். ஆயில் டேங்கர். எனக்கு அது அந்த ராத்திரி ஞாபகத்துக்கே வரவில்லை என்பதுதான் வெட்கம். படம் பழையது, போர் பழையது, ஜெர்மன் பேசுகிறார்கள், அதனால் தம்பியோடு அதை நான் சேர்த்தே பார்க்கவில்லை. அம்மாவுக்கு மொழி எதுவும் தேவைப்படவில்லை போல. எரிகிற கப்பலும் அதிலிருந்து குதிக்கிற பையன்களும் போதுமாயிருந்தது.

நேற்றுக் கேட்டேன். "அந்த ஆளுங்களை ஏத்திக்கிட்டாங்களா இல்லையா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏற்றிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

சார், உங்களிடம் இரண்டு கேள்வி. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி வீட்டில் ஏன் சொல்லவில்லை? தம்பியும் இப்படி எதையாவது எங்களிடம் சொல்லாமல் இருப்பானா? அம்மாவை முழுப் படமும் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லலாமா? பார்த்தால் பயம் தெளியுமோ என்று நினைக்கிறேன். இது மூன்றாகிவிட்டது, மன்னிக்கவும்.

பழைய செகண்ட்:

மன்னிக்கணும்மா, பேரைப் பார்த்து ஆண்பிள்ளை என்று நினைத்துவிட்டேன்.

வீட்டில் சொல்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நாங்கள் மறுநாள் ஃபில்டர் கழுவினோம், சீஃப் எல்லாரையும் திட்டினார், நாலு நாளில் துறைமுகம் வந்தது, போன் பூத்தில் வரிசையில் நின்று மூன்று நிமிடம் பேசினேன். அந்த மூன்று நிமிடத்தில் பையனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பேனா, பிளாக்அவுட் கதை சொல்வேனா? அப்புறம் அது பழையதாகிவிட்டது. முந்தாநாள் என் மகன் இந்தத் திரியைப் படித்துவிட்டு அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். முப்பது வருஷம் கழித்து எனக்கு விசாரணை நடந்தது. இன்னும் முடியவில்லை.

உங்கள் தம்பி சொல்லாமல் இருப்பானா என்றால், இருப்பான். நச்சரித்துக் கேட்காதீர்கள். லீவில் வரும்போது ராத்திரி கரண்ட் போனால் கவனியுங்கள். நாமெல்லாம் வேர்த்து ஊற்றிய பிறகுதான் எழுந்திருப்போம். அவன் ஃபேன் நின்ற நொடியிலேயே எழுந்து உட்கார்வான். எனக்கு இன்னும் அப்படித்தான். இந்தக் காலத்து டேங்கர்களில் தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் அந்தப் படத்துக் கப்பலோடு ஒப்பிடவே முடியாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அது நிஜம். சரக்குத் தொட்டிக்குள் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆக்சிஜன் இருக்காதபடி மந்தவாயு நிரப்பி வைத்திருப்பார்கள். பையனிடமே போனில் அதை விளக்கச் சொல்லுங்கள், கேடட்டுக்கும் பாடம் படித்த மாதிரி இருக்கும்.

ஏற்றிக்கொண்டார்கள் என்று சொன்னது இருக்கட்டும், திருத்த வேண்டாம்.

முழுப் படம் இப்போது வேண்டாம்மா. பயம் தெளியாது. கப்பலில் ஆள் இருக்கிற வீட்டில் இதைப் போடக்கூடாது. அவன் சைன் ஆஃப் ஆகி, அதாவது கப்பலை விட்டு இறங்கி, வீட்டுக்கு வரட்டும், இரண்டு நாள் தூங்கட்டும், மீன்குழம்பு சாப்பிடட்டும். அப்புறம் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள். ஐந்து மணி நேரத் தொடர் வேண்டாம், அம்மாவுக்கு முதுகு வலிக்கும். 149 நிமிடமே போதும்.